மயங்காதவனுக்கு ஏன் ஒரு காரணம்? (பழங்கதைகளின் மறுகூறல் பற்றி ஒரு விவாத இழை)

ஒழுகினசேரிக்காரி:

எங்கள் வாசகர் வட்டத்துக்காகப் பழைய கதைகளைத் திரும்பச் சொல்லும் ஒரு சின்னத் தொகுப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன். எல்லாம் நம் குமரிப் பக்கம், தோவாளையிலிருந்து பாறசாலை வரைக்கும் பாட்டிமார் வாயில் புழங்கும் கதைகள்தாம். இதில் சில நாயகர்கள் ஏசெக்சுவல். அதாவது, யார்மீதும் உடல் ஈர்ப்பு தோன்றாதவர்கள். சாமியார்கள் அல்ல, காதலில் ஏமாந்தவர்களும் அல்ல. அந்த ஈர்ப்பு வரவில்லை, அவ்வளவுதான்.

முதலில் எடுத்தது கள்ளியங்காட்டு நீலி கதை. அவள் ஒரு யட்சி, அழகியாக வந்து ஆளை மயக்கிக் கொல்லும் பேய். கள்ளியங்காட்டு வழியில் ராத்திரி தனியாக வருகிறவனிடம் வெள்ளைச் சேலைக்காரி சுண்ணாம்பு கேட்பாள். மீதியை நம் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். மயங்கியவனின் பல்லும் நகமும் முடியும் மறுநாள் பனைமூட்டில் கிடக்கும். மந்திரம் தெரிந்தவன் தப்பிப்பான். என் கதையில் வருகிறவனுக்கு மந்திரம் தெரியாது. மடியிலிருந்து சுண்ணாம்பு டப்பியை எடுத்து நீட்டுகிறான். அவள் வாங்கிக்கொண்டு சிரிக்கிறாள். "வேற என்னமும் வேணுமா?" என்கிறான். இத்தனை காலத்தில் யாரும் அப்படிக் கேட்டதில்லை, அவளுக்குப் பதில் வரவில்லை.

படித்துப் பார்த்தவர்கள் எல்லாரும் ஒன்றையே கேட்கிறார்கள்: "அவன் ஏன் மயங்கல? விரதமா? சின்ன வயசுல ஏதாவது நடந்துச்சா?" காரணம் எழுதாவிட்டால் கதை மூளியாக நிற்கிறதாம். எழுதினால் நான் எழுத வந்ததே கெட்டுப்போகும். என்ன செய்யலாம்?

பழைய_வாத்தியார்:

காரணம் கேட்பது வாசகனின் உரிமை, பிள்ளே. அதற்குக் கோபித்துக்கொண்டு ஆகாது. அப்புறம், இதில் புதுசாக என்ன இருக்கிறது? பீஷ்மர், அனுமன், சுகர், மணிமேகலை, ஔவை என்று நம்மிடம் பட்டியலே உண்டு. ஆசையை வென்றவர்களை நம் மரபு தலையில் வைத்துத்தானே கொண்டாடியிருக்கிறது.

தோவாளைப்பூ:

வாத்தியார் சொன்ன பட்டியலில்தான் சிக்கலே இருக்கிறது. ஆசையை வென்றவர் என்றால் ஆசை இருந்தது என்றுதானே அர்த்தம்? பீஷ்மர் அப்பாவின் கல்யாணத்துக்காகச் சபதம் போட்டவர். அந்தத் தியாகத்துக்கு மதிப்பு வருவதே அவர் எதையோ இழந்தார் என்பதால்தான். பசி இல்லாதவன் சாப்பிடாமல் இருப்பதை யாரும் உண்ணாவிரதம் என்று சொல்ல மாட்டார்கள்.

மணிமேகலையும் அப்படித்தான். தன்மேல் ஆசைப்பட்ட சோழ இளவரசன் உதயகுமரன் தன்னை இழிவாகப் பேசினான் என்று தெரிந்தும் 'புதுவோன் பின்றைப் போனதென் நெஞ்சம்' என்று அவளே வாய்விட்டுச் சொல்கிறாள். சாத்தனார் அதை மறைக்கவில்லை. அவள் ஈர்ப்பு உள்ளவள், அதைத் தாண்டிப் போகிறவள். அருமையான பாத்திரம்தான், ஆனால் இந்த இழைக்கு உரியவள் அல்ல.

பழைய_வாத்தியார்:

மணிமேகலையை விட்டுக்கொடுக்கிறேன், வரியை எடுத்துக் காட்டிவிட்டாய். சுகரை விடமாட்டேன். பாகவதம் முதல் ஸ்கந்தத்தில் ஒரு காட்சி உண்டு. சுகர் முன்னால் போகிறார், பின்னால் வியாசர் மகனைத் தேடிக்கொண்டு வருகிறார். நீராடிக்கொண்டிருந்த பெண்கள், உடையில்லாமல் போன இளைஞர் சுகரைப் பார்த்துக் கூச்சப்படவில்லை. உடையணிந்து வந்த கிழவர் வியாசரைப் பார்த்ததும் அவசர அவசரமாகச் சேலையை எடுத்து உடுத்துகிறார்கள். ஏன் என்று வியாசர் கேட்கிறார். உமக்கு ஆண் பெண் என்ற பேதம் தெரிகிறது, உம் மகனுக்கு அது இல்லை என்கிறார்கள். இதற்கு மேல் உங்களுக்கு என்ன வேண்டும்?

ஒழுகினசேரிக்காரி:

இது நல்ல காட்சி வாத்தியாரே, எடுத்துக்கொள்கிறேன். ஆனால் அதே சுகருக்கு தேவி பாகவதத்தில் பீவரி என்ற பெண்ணைக் கட்டிவைத்து, பிள்ளைகளும் பிறந்ததாக வருகிறதே. ஒரு புராணம் விட்டுவைத்தவரை அடுத்த புராணம் மணவறையில் உட்காரவைத்திருக்கிறது.

நகரி_நெசவு:

எங்கள் பக்கம் அனுமனையே விட்டுவைக்கவில்லை, அக்கா. ஆந்திரத்தில் சுவர்ச்சலா என்று சூரியனின் மகளை அவருக்குக் கட்டிவைத்துத் திருக்கல்யாணமே நடத்துகிறார்கள். சூரியனிடம் வியாகரணம் (இலக்கணம்) முழுசும் படிக்க இல்லறத்தான் என்ற தகுதி வேண்டுமாம், அதனால் கல்யாணமாம். கல்யாணத்துக்குப் பிறகும் பிரம்மச்சாரிதான் என்றும் சொல்கிறார்கள். பேருக்கு ஒரு கல்யாணம் ஆகிவிட்டால் போதும், ஊர் வாயை மூடிக்கொள்ளும். இது அனுமனுக்கு மட்டும் நடந்த விஷயமா என்ன!

செங்கோட்டை_பாசஞ்சர்:

எங்கள் எல்லையைக் கொஞ்சம் சொல்லட்டுமா? செங்கோட்டையில் பஸ் ஏறினால் புளியரை தாண்டி ஆரியங்காவு. அங்கே ஐயப்பன் மாப்பிள்ளைக் கோலம். மதுரையிலிருந்து சௌராஷ்டிரர்கள் பெண் வீட்டாராக வந்து புஷ்கலைக்குத் திருக்கல்யாணம் நடத்துகிறார்கள். இன்னும் கொஞ்சம் போனால் குளத்துப்புழை, அங்கே பாலகன். அச்சன்கோவிலில் பூரணை, புஷ்கலை இருபுறமும் நிற்க இல்லறத்தான். சபரிமலையில் தவக்கோலம். ஒரே மலைத்தொடர், ஒரே சாமி. எங்கள் அத்தை வீட்டு ஆட்கள் நாலு இடத்துக்கும் போகிறார்கள், "எது நிஜக் கதை?" என்று ஒருத்தரும் கேட்டதில்லை. அதனால் மறுகூறலுக்கு மரபில் இடமில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஆனால் ஒன்று. நாலு கோலத்திலும் 'எனக்கு அது தோன்றவில்லை' என்கிற கோலம் கிடையாது. குழந்தை, மாப்பிள்ளை, குடும்பஸ்தர், தவசி. அந்த ஐந்தாவதைத்தான் ஒழுகினசேரி அக்கா தேடுகிறார் என்று நினைக்கிறேன்.

மட்டுறுத்துநர்:

சபரிமலை வரும்போதே சொல்லிவிடுகிறேன். பெண்கள் நுழைவு பற்றிய 2018 தீர்ப்பைப் பற்றி இந்த இழையில் வேண்டாம். கதையோடு நிற்கட்டும்.

கொழிஞ்சாம்பாறை:

கதையோடு நிற்கிறேன். மாளிகைப்புறத்தம்மன் கதையை யோசித்தீர்களா? அரக்கி மகிஷி சாபம் நீங்கிப் பெண்ணாகி, ஐயப்பனிடம் என்னைக் கட்டிக்கொள் என்கிறாள். கன்னி ஐயப்பன்மார், அதாவது முதல்முறை மலையேறுகிறவர்கள், வராத வருஷம் கட்டிக்கொள்கிறேன் என்கிறார் அவர். வருஷா வருஷம் அவள் எழுந்தருளி சரங்குத்திக்கு வருகிறாள், கன்னிச் சாமிகள் குத்திவிட்டுப் போன சரங்களைப் பார்க்கிறாள், திரும்புகிறாள்.

இதை மறுபடி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அவள் பக்கம் நின்று, காத்திருப்பின் சோகத்தைப் பிழிந்து எடுக்கிறார்கள். அவர் பக்கம் நிற்பவர்கள் கடமை, தவம் என்று பெரிய வார்த்தை போடுகிறார்கள். நேராக "நான் அப்படிப்பட்டவன் இல்லை, நீ எனக்காகக் காத்திருக்காதே" என்று சொல்லும் ஒருவன் ஏன் எந்தக் கதையிலும் இல்லை? 'அடுத்த வருஷம்' என்று தள்ளிப்போடுவதைவிட அது அவளுக்கும் நல்லதில்லையா?

பெயர்_வேண்டாம்:

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். கொழிஞ்சாம்பாறைக்காரர் எழுதியதைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

நேராகச் சொல்ல வேண்டும் என்பது சரி. ஆனால் நேராகச் சொல்ல ஒரு வார்த்தையாவது கையில் இருக்க வேண்டும். நான் இந்த வகை ஆள். முப்பது வயது வரை எனக்கு என்ன என்று எனக்கே தெரியாது. "அடுத்த தையில் பார்ப்போம்", "அக்கா பிள்ளைக்குக் காதுகுத்து முடியட்டும்" என்று தள்ளித் தள்ளியே காலம் ஓட்டினேன். மாளிகைப்புறம் கதையில் எனக்குத் தெரிந்தவர் அவள் இல்லை, அவர்தான்.

அம்மா என்னை எங்கே கூட்டிக்கொண்டு போனாள் தெரியுமா? தாழக்குடி ஔவையார் அம்மன் கோயிலுக்கு. ஆடிச் செவ்வாய், சரியான கூட்டம். அடுப்பு மூட்டி, கூழ் காய்ச்சி, கொழுக்கட்டை அவித்துப் படைக்கிறார்கள். வீட்டில் ராத்திரி ஔவை நோன்பு வேறு. உப்பில்லாத அரிசிமாவுக் கொழுக்கட்டை. ஆண்கள் யாரும் பார்க்கக் கூடாது, கைக்குழந்தை ஆணாக இருந்தாலும் வெளியேதான். 'அசந்தால் ஆடி, தப்பினால் தை, மறந்தால் மாசி' என்று பழமொழியே உண்டு. எதற்கு இத்தனையும்? எனக்குக் கல்யாணம் நடக்க.

யாரிடம் கேட்கிறோம்? கல்யாணம் வேண்டாம் என்று பிள்ளையாரிடம் கிழவி உருவம் வாங்கிக்கொண்ட ஔவையிடம்! வெந்த மாவைக் கையில் உருட்டிக்கொண்டே எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மா என்னடி என்றாள். சொல்லியிருந்தால் அடி விழுந்திருக்கும்.

தோவாளைப்பூ:

சிரித்து முடிக்க ஐந்து நிமிஷம் ஆச்சு. மன்னிச்சிருங்க.

ஒழுகினசேரிக்காரி:

இதை அப்படியே ஒரு கதையாக எழுதலாம். எழுதினால் நீங்கள்தான் எழுத வேண்டும், நான் தொட மாட்டேன்.

பழைய_வாத்தியார்:

ஔவை கதையிலும் காரணம் வந்துவிடுகிறது, கவனித்தீர்களா? தமிழுக்கும் பக்திக்கும் வாழ்வைக் கொடுக்க விரும்பினாள், அதனால் கல்யாணம் வேண்டாம் என்றாள். அதுதான் சொல்லும் வழக்கம். காரணம் இல்லாத கதை நிற்காது என்று நான் சொல்வது அதனால்தான். கதை என்றாலே ஒருவனுக்கு ஏதோ ஒன்று வேண்டும், அது கிடைக்காமல் ஏதோ ஒன்று தடுக்கும். ஆசையே இல்லாதவனை வைத்துக்கொண்டு என்ன கதை சொல்வாய்?

பெயர்_வேண்டாம்:

வாத்தியார் ஐயா, எனக்கு ஆசை இல்லை என்று யார் சொன்னார்கள்? கடலோரத்தில் சொந்தமாக வீடு, நல்ல சிநேகிதர்கள், ராத்திரி பேசிக்கொண்டே இருக்க ஓர் ஆள், மீன்குழம்பு. இதெல்லாம் வேண்டும். ஒன்றே ஒன்றுதான் வேண்டாம். அந்த ஒன்று இல்லாவிட்டால் ஆளே கல் என்று எழுதுகிறார்களே, அதுதான் கோபம். புதுக் கதைகளிலும் இதே பாடுதான். காதல் தோன்றாதவர் என்றால் ரோபோ, வேற்றுக்கிரகவாசி, இல்லாவிட்டால் பனியில் உறைந்த இளவரசி.

தோவாளைப்பூ:

தேவதைக் கதைகள் பக்கம் வந்ததால் ஒன்று. 'உண்மைக் காதலின் முத்தம்' என்று ஒன்றைப் பிடித்துக்கொண்டு எல்லாரும் தொங்குகிறார்கள். பழைய அச்சுப் பிரதிகளைப் பார்த்தால் அந்த முத்தம் பல இடத்தில் இல்லவே இல்லை. கிரிம் சகோதரர்களின் தவளை இளவரசன் கதையில் அந்தப் பெண் தவளைக்கு முத்தம் கொடுக்கவில்லை, எரிச்சலில் தூக்கிச் சுவரில் அடிக்கிறாள். அப்போதுதான் அது இளவரசனாகிறது. ஸ்னோ ஒயிட் கதையில் பெட்டியைச் சுமந்தவர்கள் இடறுகிறார்கள், தொண்டையில் சிக்கிய ஆப்பிள் துண்டு வெளியே தெறிக்கிறது, கண் விழிக்கிறாள். உறங்கும் அழகி கதையை 1697இல் பிரெஞ்சு எழுத்தாளர் பெரோ அச்சிட்டபோது நூறு வருஷக் கெடு முடிந்துவிட்டதால் அவள் விழிக்கிறாள், இளவரசன் பக்கத்தில் மண்டியிடுகிறான். முத்தத்தோடு எழுப்பியது 1812இல் வந்த கிரிம் தொகுப்பு. அதற்கும் முன்னால், 1630களில் அச்சான பசீலேயின் இத்தாலிய வடிவத்தில் தூங்கும் பெண்ணை ராஜா என்ன செய்தான் என்பதை இங்கே எழுத மாட்டேன்.

அதனால் முத்தத்தை எடுத்துவிட்டுக் கதை எழுதினால் மரபைக் கெடுத்துவிட்டோம் என்று பயப்பட வேண்டாம். சுவரில் அடித்ததே மரபுதான்.

நகரி_நெசவு:

தூங்குகிற பெண் என்றதும் அல்லி நினைவுக்கு வருகிறாள். ஆண் வாடையே ஆகாத அரசி, பெண்களின் படை. அர்ஜுனன் பாம்பாக உருமாறி உள்ளே நுழைந்து, தூக்கத்தில் தாலி கட்டுகிறான். இதைக் காதல் கதை என்றுதான் எங்களுக்குச் சொன்னார்கள். அந்தத் தொகுப்பில் அல்லி உண்டா அக்கா?

ஒழுகினசேரிக்காரி:

அல்லி இல்லை. 'அல்லி அரசாணி மாலை'யில் அவள் எதற்காக ஆண்களை ஒதுக்கினாள் என்பதைவிட அவளுக்கு என்ன செய்தார்கள் என்பதுதான் பெரிய விஷயம். அவளை ஏசெக்சுவல் என்று எழுதிவிட்டால், 'மாறாத இயல்பு என்பதால் அது தப்பு' என்று ஆகிவிடும். எந்த இயல்பானாலும் அது தப்புதானே? தனியாக எழுத வேண்டிய கதை.

முட்டத்துக்_கடல்:

எல்லாரும் சுற்றிச் சுற்றி வருகிறீர்கள், குமரிக்காரியை, நம் கன்னியாகுமரி அம்மனைத் தொடவே இல்லையே!

கதை தெரியாதவர்கள் யாராவது இருந்தால்: பாணாசுரனைக் கன்னிப் பெண்தான் கொல்ல முடியும் என்று வரம். சுசீந்திரத்து ஈசனுக்கும் தேவிக்கும் விடியும் முன் முகூர்த்தம். கல்யாணம் நடந்தால் அசுரன் சாக மாட்டான். அதனால் நாரதர் சேவலாகக் கூவினார். விடிந்துவிட்டது என்று எண்ணி மாப்பிள்ளை வழியில் வழுக்கம்பாறையோடு திரும்பிவிட்டார். சமைக்கக் கொண்டுவந்த அரிசி மண்ணாயிற்று, அதைத்தான் இன்றைக்கும் கடற்கரைக் கடைகளில் சின்னச் சின்னப் பொட்டலமாக விற்கிறார்கள். வரம் அசுரனுக்கு, திட்டம் தேவர்களுக்கு, கூவியது நாரதர், திரும்பியது ஈசன். இத்தனை பேரில் அவளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இப்போது இதைக் கேளுங்கள். கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதிய கடல்வழிக் கையேடு ஒன்று இருக்கிறது, பெரிப்ளஸ். அதில் குமரி வருகிறது. மீதி வாழ்க்கையைப் புனிதமாகக் கழிக்க விரும்பும் ஆண்கள் அங்கே வந்து நீராடி, மணமாகாமல் தங்கிவிடுகிறார்கள், பெண்களும் அப்படியே செய்கிறார்கள், ஏனென்றால் ஒரு தேவி முன்பு அங்கே தங்கி நீராடினாள் என்று எழுதியிருக்கிறது. மாப்பிள்ளையும் இல்லை, சேவலும் இல்லை. ஏமாந்த மணப்பெண்ணைத் தேடி யாரும் வரவில்லை. தனியாக இருக்க நினைத்தவர்கள் அவள் குளித்த தண்ணீரில் குளிக்க வந்திருக்கிறார்கள்.

பழைய_வாத்தியார்:

நல்ல சான்று. ஆனால் கப்பல்காரன் கேட்டதை எழுதிவைத்தான். கல்யாணக் கதையை அவனிடம் யாரும் சொல்லாமல் விட்டிருக்கலாம். அவன் எழுதவில்லை என்பதால் கதை அப்போது இல்லை என்று ஆகாது. அதோடு அவர்கள் விரதிகள். ஆசையை வென்றவர் வேறு, ஆசை தோன்றாதவர் வேறு என்று தோவாளைப்பூ போட்ட எல்லைக்கோட்டை நீங்களே அழிக்காதீர்கள்.

கொழிஞ்சாம்பாறை:

சேவலை அவளே கூவச் சொல்லியிருந்தால்? நாரதரைக் கூப்பிட்டு, "எனக்கு இது வேண்டாம், நீ ஏதாவது செய்" என்று.

பெயர்_வேண்டாம்:

வேண்டாம். மறுபடியும் தந்திரம்தானே? ஒரு பெண் 'எனக்கு வேண்டாம்' என்று சொல்ல ஒரு சேவல் எதற்கு?

கிரேக்கத்தில் ஹெஸ்தியா என்று ஒருத்தி உண்டு. காதல் தேவி அஃப்ரோடைட்டியால் அசைக்க முடியாத தேவியர் மூவர் என்று ஒரு பழைய துதிப்பாட்டில் வருகிறது: அதீனா, ஆர்டெமிஸ், ஹெஸ்தியா. ஹெஸ்தியாவைப் போசைடனும் அப்போலோவும் பெண் கேட்கிறார்கள். அவள் தேவர்களின் அரசன் சீயுஸின் தலையைத் தொட்டு, வேண்டவே வேண்டாம் என்று சத்தியம் செய்கிறாள். சாபம் கிடையாது, அசுரன் கிடையாது, அவளுக்கு ஏன் அப்படி என்று ஒரு வரி கிடையாது. சீயுஸ் என்ன செய்தார்? கல்யாணத்துக்குப் பதிலாக வீட்டின் நடுவில் அடுப்படியை அவளுக்கு இடமாகக் கொடுத்தார். பெரிய சண்டை இல்லாததால் அவளைப் பற்றிக் கதைகள் குறைவு. வாத்தியார் சொன்னது போல 'கதை நிற்காது' என்று விட்டிருப்பார்கள். ஆனால் வேண்டாம் என்றதும் அவளை வெளியே தள்ளவில்லை, நடுவீட்டில் உட்காரவைத்தார்கள். எனக்கு அந்தக் கதை போதும்.

செங்கோட்டை_பாசஞ்சர்:

ஒரு சந்தேகம். சாமிகளுக்கெல்லாம் இந்தக் காலத்து அடையாளத்தைக் கொடுப்பது சரியா? கும்பிடுகிறவர்கள் மனசு நோகாதா?

ஒழுகினசேரிக்காரி:

குமரித் தேவியை அப்படி எழுதப் போவதில்லை. அவளைக் கும்பிடப் போகும் ஒரு பெண்ணை எழுதுவேன். அவள் அந்தத் தண்ணீரில் குளிக்க வருகிறாள், பெரிப்ளஸில் வந்தவர்களைப் போல. விரதத்துக்காக இல்லை. வீட்டில் இருந்தால் தரகர் வருகிற நாள் அது.

யட்சி கதைக்கு வருகிறேன். காரணத்தை எழுதாமல் எப்படி நிறுத்துவது என்று இன்னும் தெரியவில்லை.

பெயர்_வேண்டாம்:

கேள்வியைக் கதைக்குள்ளேயே விட்டுவிடுங்கள். வாசகர் கேட்கப்போவதை யட்சியே கேட்கட்டும். அவளைவிட அதைக் கேட்க உரிமை உள்ளவர் யார்? "எல்லாவனும் மயங்குவான், நீ ஏன் மயங்கல?" அவன், "தெரியல்ல. நீ ஏன் எல்லாருட்டயும் சுண்ணாம்பு மட்டும் கேக்குத? வெத்தலை வச்சிருக்கியா?" என்று திருப்பிக் கேட்கட்டும். அவளிடம் வெற்றிலை இல்லை. எத்தனையோ வருஷமாக வெற்றிலையே இல்லாமல் சுண்ணாம்பு கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவன் ஒரு வெற்றிலையை எடுத்துக் காம்பு கிள்ளி, நரம்பை உரித்துக் கொடுக்கிறான். ரெண்டு பேரும் மென்றுகொண்டு உட்காருகிறார்கள்.

தோவாளைப்பூ:

அய்யோ, இது பிரமாதம் மக்கா.

பழைய_வாத்தியார்:

நன்றாகத்தான் இருக்கிறது. காரணம் வேண்டும் என்ற என் கட்சியை நான் விடவில்லை, இந்த ஒரு கதைக்கு மட்டும் கேட்க மாட்டேன். ஆனால் நீலி வெற்றிலையைத் துப்பும்போது பார்த்து எழுது, ரத்தம் என்று நினைத்து ஊர் கூடிவிடும். கதை அங்கிருந்துகூடத் தொடங்கலாம்.

ஒழுகினசேரிக்காரி:

அங்கிருந்தேதான் தொடங்கப்போகிறேன், வாத்தியாரே. பனைமூட்டில் சிவப்பைப் பார்த்து ஊர் கூடுகிறது, பல்லும் நகமும் தேடுகிறார்கள், எதுவும் கிடைக்கவில்லை. அவன் வீட்டில் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதி இங்கேயே போடுகிறேன். செங்கோட்டைக்காரரே, ஆரியங்காவுத் திருக்கல்யாணத்தைப் பெண் வீட்டார் பக்கமிருந்து யாராவது எழுதித் தருவார்களா என்று உங்கள் அத்தையிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

செங்கோட்டை_பாசஞ்சர்:

அத்தை பேசுவார், எழுத மாட்டார். நான் போனில் பதிவு செய்து அனுப்புகிறேன். தட்டச்சு செய்வது உங்கள் பாடு.